அரை லிட்டர்

குஞ்சப்பனைச் சாவடியில் எனக்கு
ஒரு பச்சைக் கோட்டு, ஒரு விசில், ஒரு பேரேடு.
காலை ஆறு மணியிலிருந்து
வண்டி வண்டியாய்த் தலையை நுழைத்து
ஒரே கேள்வி: "பாட்டில் இருக்கா?"
இல்லை என்பார்கள்.
இருக்கும்.
சீட்டுக்கடியில், தூங்கும் குழந்தையின் போர்வைக்குள்,
ஒருமுறை பூஜைக்கூடையில், தேங்காய்க்குப் பக்கத்தில்.

மூன்று வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான்:
மனுசன் பொய் சொல்வதற்கு முன்னால்
கண்ணாடியைப் பாதி ஏற்றுகிறான்.

போன பலாப் பருவத்தில்
வளைவுக்குக் கீழே யானை லத்தியைக்
குச்சியால் கிளறிக் காட்டினாள் மாதி.
பலாக்கொட்டை, நார்,
முழுசாய் ஒரு சிப்ஸ் கவர்.
விலைகூட அழியவில்லை. பத்து ரூபாய்.
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.
இந்த மலை ஒருநாள் முதுகைச் சிலுப்பி
அத்தனை பேரையும் உதறிவிட்டால் தேவலை என்று
நிஜமாகவே நினைத்தேன்.
அத்தனை பேரில்
என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மே மாதம், இரண்டாம் ஞாயிறு.
வரிசை வாலே தெரியவில்லை.
தாராபுரத்திலிருந்து ஒரு பழைய ஆம்னி.
ஓட்டி வந்தவர் இறங்கிக் கும்பிட்டார்.
கும்பிடுகிறவர்களை எனக்கு இன்னும் பிடிக்காது.
"ஏனுங்க, மத்ததெல்லாம் எடுத்துக்குங்க.
இதொண்ண மட்டும் விட்டுருங்க."

அரை லிட்டர் பாட்டில். லேபிளை உரித்திருந்தார்கள்.
நீல மார்க்கரில் கோடு கோடாய்:
காலை மாத்திரை.
பதினொன்று.
மதியம்.
நாலு மணி.
ராத்திரி மாத்திரை.
அதற்கும் கீழே ஒரு விரற்கடைத் தண்ணீர்,
பேரில்லாமல்.

பின்சீட்டில் அவர் மனைவி, வசந்தாமணி.
முழங்கை மடிப்பில் நரம்பு
கயிறாய்ப் புடைத்திருந்தது.
நேற்று மெஷினில் போட்டு எடுத்தாயிற்று,
மறுபடி செவ்வாய்க்கிழமை.
நடுவில் கிடைத்த இடைவெளியில்
மேகத்துக்குள் நிற்க வேண்டும் என்றாளாம்.
நாளொன்றுக்கு இவ்வளவுதான் அவள் தண்ணீர்.
மிஞ்சினால் மூச்சில் ஏறிக்கொள்ளும்.

கடைசிக் கோட்டைக் காட்டி, இது எதுக்கு என்றேன்.
கேட்டிருக்க வேண்டியதில்லை.
"மிச்சம் புடிச்சதுங்க" என்றாள்.
"மேல போய், சும்மா குடிக்கறதுக்கு."

பின்னால் ஹாரன்.
விதியில் இதற்கு ஒரு வரி கிடையாது.
என் ஸ்டீல் பாட்டிலை நீட்டினேன்.
அதில் கோடு தெரியாது.
மாதி ஓடினாள், கடையில் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கக்
கழுவி வைத்திருந்த பிராந்தி பாட்டிலோடு வந்தாள்.
டீக்கடை வெந்நீரில் மூன்று அலசு.
பிறகு நான் ஊற்றினேன்.
பதினொன்று ஊற்றி, நிறுத்தி, கோடு.
மதியம் ஊற்றி, நிறுத்தி, கோடு.
இவ்வளவு மெதுவாய் நான்
எதையும் ஊற்றியதில்லை.

முடித்த பிறகுதான் தெரிந்தது,
கணக்கு தலைகீழாகிவிட்டது.
பதினொன்று அடியில் கிடந்தது.
பேரில்லாத தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேலே.

வசந்தாமணி உற்றுப் பார்த்தாள், சிரித்தாள்.
"அப்ப இதத்தான் மொதல்ல குடிக்கோணும்."
அங்கேயே, என் சாவடி வாசலில்,
மேகம் ஒன்றும் இல்லாத வெயிலில்
குடித்தாள்.

சாயங்காலம் பேரேட்டில் எழுதினேன்: 412.
நேற்றுவரை அது குற்றவாளிகளின் எண்ணிக்கை.
சாக்கை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதி குடித்தது, கால் குடித்தது,
விளிம்பில் உதட்டுச் சாயம் ஒட்டியது.

திருந்திவிடவில்லை யாரும்.
மறுநாளும் கண்ணாடியை ஏற்றினார்கள்.
கத்தினேன். அபராதம் போட்டேன்.
வளைவில் கவர் எறிந்த ஒருவனை விசிலோடு துரத்தினேன்.
ஆனால் பிடுங்கின கையோடு
கவிழ்க்க மட்டும் வரவில்லை.
"குடிச்சிட்டுக் குடுங்க" என்கிறேன்.
தலையை அண்ணாந்து குடிக்கிறார்கள்.
தொண்டையில் அந்தச் சின்ன மேடு
ஏறி இறங்குகிறது,
பொய் சொன்ன தொண்டையிலும்.